பூ நிறைய இருந்தும் சிவப்பு ரிப்பன்தான் கிடைத்தது, இலை வட்டத்தை எப்படிச் சரிசெய்வது?

மொட்டுக்காவல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக ஆப்பிரிக்கன் வயலட் என்ற தொட்டிப் பூச்செடி வளர்க்கிறேன். ஜன்னலோரத்தில் ஒரே தொட்டியாக ஆரம்பித்தது, இப்போது எல்இடி விளக்கு வைத்த இரண்டு தட்டுகளில் 18 தொட்டி நிற்கிறது. போன மாதம்தான் முதல்முறையாக ஒரு செடிக் காட்சிப் போட்டிக்குச் செடி கொண்டுபோனேன், ஊதாநிற ஒற்றை இதழ் வகை (இதழ் ஒரே அடுக்கு), நல்ல பெரிய செடி. பூவென்றால் அப்படி ஒரு பூ, கொத்தை விலக்கித்தான் இலையைப் பார்க்க வேண்டும். முதல் தரத்துக்கான நீல ரிப்பன் நிச்சயம் என்று நினைத்திருந்தேன். கிடைத்தது அதற்கு அடுத்த சிவப்பு, நூற்றுக்கு 84 மதிப்பெண்.

நடுவர் ஒரு சீட்டில் பிரித்து எழுதிக் கொடுத்தார். இலை அமைப்புக்கு 30க்கு 20, பூவின் எண்ணிக்கைக்கு 25க்கு 23, செடியின் நிலைக்கு 25க்கு 21, பூவின் அளவுக்கும் நிறத்துக்கும் முழு மதிப்பெண். கீழே "ஒரு பக்கம் இடைவெளி, தொட்டி பெரிது, விதைக்காய் ஒன்று" என்று குறிப்பு. பக்கத்தில் இருந்த செடியில் என்னுடையதில் பாதிப் பூகூட இல்லை, அதற்கு நீலம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த காட்சிக்கு ஏழு மாதம் இருக்கிறது. இதே செடியைத் திருத்திக் கொண்டுபோகலாமா, புதிதாக ஒன்றை ஆரம்பிப்பதா? மொட்டைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்களே, எத்தனை வாரம் முன்னால் நிறுத்துவது?

விளக்குத்தட்டு எழுதியது:

முதல் காட்சியிலேயே 84 என்றால் மனம் தளரவே வேண்டாம், என் முதல் செடிக்கு ரிப்பனே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பூவை ஆறு வாரத்தில் வரவழைத்துவிடலாம், இலை வட்டத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் காட்சிச்செடி என்றால் முதலில் இலையைத்தான் வளர்க்க வேண்டும். மொட்டு கிள்ளுவதும் அதற்காகத்தான். பூத்தண்டு ஒவ்வொன்றும் இலைக்கக்கத்திலிருந்து இரண்டு காம்புகளுக்கு நடுவே முட்டிக்கொண்டு வரும், வரும்போது காம்புகளை விலக்கிவிடும், விலகிய இலை திரும்ப அதே இடத்துக்கு வராது. நீங்கள் மூன்று வருடமாகப் பூக்கவிட்ட செடியில் இடைவெளி இருப்பதில் ஆச்சரியமே இல்லை. ஒற்றை இதழ் வகைக்குக் காட்சிக்கு ஆறு வாரம் முன்னால் கிள்ளுவதை நிறுத்துங்கள், அடுக்கு இதழ் என்றால் மொட்டு விரிய நேரம் எடுக்கும், ஏழெட்டு வாரம் வேண்டும். நான் அந்தக் கடைசி வாரங்களில் விளக்கை 10 மணி நேரத்திலிருந்து 12 ஆக ஏற்றிவிடுவேன்.

தொட்டியை மூன்று நாளைக்கு ஒருமுறை கால் வட்டம் திருப்புகிறீர்களா? ஜன்னலோரம் என்றால் கட்டாயம், விளக்கின் கீழும் நான் திருப்புகிறேன், ஏனென்றால் தட்டின் நடுவில் இருக்கிற வெளிச்சம் ஓரத்தில் இருக்காது. இலைகள் மேலே நிமிர்ந்து கையேந்துவது மாதிரி நின்றால் வெளிச்சம் போதவில்லை, கீழே வளைந்து தொட்டியைக் கட்டிக்கொண்டால் அதிகம். தட்டையாக, ஒரு இலை மேல் அடுத்த இலை லேசாகப் படிந்தபடி நின்றால் அதுதான் நமக்கு வேண்டியது.

தொட்டி விஷயத்தில் நடுவர் சொன்னது சரி. செடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தொட்டி. 30 செ.மீ. செடிக்கு 10 செ.மீ. தொட்டி போதும். பார்ப்பதற்குச் சின்னதாகத்தான் தோன்றும், ஆனால் இந்தச் செடி பிறந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். தான்சானியாவின் உசம்பரா மலைக்காட்டில், நிழலில், பாறை இடுக்கில் இருக்கிற கைப்பிடி மக்கில்தான் வேர் விடுகிறது. 1892இல் செயின்ட் பால் என்ற ஜெர்மன் அதிகாரி அங்கே இதைக் கண்டெடுத்துத் தன் அப்பாவுக்கு அனுப்பினார், அடுத்த வருடம் வெண்ட்லண்ட் அந்தக் குடும்பத்தின் பெயரையே வைத்து செயின்ட்பாலியா என்று பெயரிட்டார். அப்படி வளர்ந்த வேருக்குப் பெரிய தொட்டியும் கனமான ஈர மண்ணும் கொடுத்தால் அழுகத்தான் செய்யும். பீட் (மக்கிய பாசி), பெர்லைட், வெர்மிகுலைட் (இரண்டும் லேசான கனிமத் துகள்) கலவையைக் கையில் பிடித்தால் பஞ்சு மாதிரி இருக்க வேண்டும்.

பழைய செடியா புதியதா என்றால், இரண்டும் செய்யுங்கள். ஆனால் என் நம்பிக்கை புதியதில்தான். ஒரே வகையில் மூன்று இளஞ்செடி ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து எது வட்டமாக வருகிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இலை வைத்து வளர்க்க இப்போது நேரம் போதாது, இலைக்கு வேர் வர நாலு முதல் ஆறு வாரம், குட்டி எட்டிப்பார்க்க அதற்கும் மேல், அதனால் ஏற்கெனவே வளர்ந்த இளஞ்செடியாக வாங்கிவிடுங்கள்.

மூன்றாம்வரிசை எழுதியது:

நான் சில வருடங்களாக நடுவராக உட்காருகிறேன், அதனால் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பக்கத்துச் செடியோடு ஒப்பிட்டதால்தான் உங்களுக்கு வருத்தம். அமெரிக்க ஆப்பிரிக்கன் வயலட் சங்கம், 1946இல் தொடங்கியது, அவர்களுடைய முறைப்படி ரிப்பனுக்கு ஒரு செடியை இன்னொரு செடியோடு போட்டியிட வைப்பதில்லை. ஒவ்வொன்றும் நூற்றுக்கு எவ்வளவு என்று தனியாகப் பார்க்கிறோம். 90க்கு மேல் நீலம், 80க்கு மேல் சிவப்பு, 70க்கு மேல் வெள்ளை. பத்துச் செடியும் நன்றாக இருந்தால் பத்துக்கும் நீலம்தான். அந்தச் செடி ஒருவேளை இயல்பிலேயே குறைவாகப் பூக்கிற வகையாக இருக்கும், பூ எண்ணிக்கையை அந்த வகைக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று வைத்துத்தான் பார்ப்போம்.

இன்னொன்று, விரிந்த பூவைத்தான் எண்ணுவோம். மொட்டு எவ்வளவு இருந்தாலும் அது நாளைக்கான பூ.

ஒற்றைக் கிரவுன் செடி (ஒரே குருத்திலிருந்து வளர்வது) மேசைக்கு வந்ததும் என் கண் முதலில் போவது மேலிருந்து நேராக நடுக்குருத்துக்குத்தான். அங்கிருந்து இலைகள் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் போகிறதா, வரிசைக்கு வரிசை பெரிதாகிறதா? பெரிய இலைகளுக்கு அடியில் சின்ன இலை நீட்டிக்கொண்டிருந்தால் அது செடி குழந்தையாக இருந்தபோது வந்த இலை, நீக்கியிருக்க வேண்டும். நீக்கினால் காம்பை அடியோடு எடுங்கள், குச்சி விட்டால் செடியின் நிலையில் குறையும். அப்புறம் கக்கத்தில் பக்கக்கன்று இருக்கிறதா என்று பார்ப்பேன். இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், பூத்தண்டு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அது வளர்ந்து இரண்டாவது கிரவுனாகிவிட்டால் ஒற்றைக் கிரவுன் பிரிவில் செடியை மதிப்பிடவே முடியாது. நாலு இலை வருவதற்கு முன் பென்சில் முனையால் எடுத்துவிடுங்கள்.

விதைக்காய், வாடிய பூ, இலையில் தூசி, குளிர்ந்த நீர் பட்ட வெளிர் வளையம், இலை இல்லாமல் மண்ணுக்கு மேல் தெரிகிற வெறும் தண்டு, இதெல்லாம் கொஞ்சம் கவனித்தால் தவிர்க்கக்கூடியவை, இதற்காக மதிப்பெண் குறைக்கும்போது எனக்கே கஷ்டமாக இருக்கும். மென்மையான தூரிகையால் காம்பிலிருந்து நுனிப்பக்கமாகத் துடையுங்கள். பூச்சி தெரிந்தால் செடியை மேசைக்கே விடமாட்டோம். பூவின் நடுவில் மஞ்சள் மகரந்தம் சிந்தியிருந்தால் இலைப்பேன் என்று அர்த்தம், உடனே எல்லாப் பூவையும் கிள்ளி மற்ற தொட்டிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஊதாப்பித்து எழுதியது:

மேலே இருவரும் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் 18 தொட்டியிலும் மொட்டைக் கிள்ளச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தயவுசெய்து. நான் அப்படிச் செய்து ஒரு வருடம் முழுக்க ஒரு பூவும் பார்க்காமல் இருந்தேன், தட்டுப் பக்கம் போகவே மனம் வரவில்லை. இப்போது மூன்று செடி மட்டும் காட்சிக்கு, மற்றவை இஷ்டத்துக்குப் பூக்கும். தினமும் பார்க்கும் ஆசை இருந்தால்தான் குருத்து இறுகுவதும் இலை வாடுவதும் அன்றன்றே கண்ணில் படும்.

மொட்டு கிள்ளுவதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதழில் கோடு போட்ட கைமீரா வகையையோ (இரு வேறு மரபணு கொண்ட திசுக்கள் ஒரே செடியில் இருப்பது) நிறம் மாறக்கூடிய புதிய வகையையோ ஒருமுறையாவது பூக்கவிட்டுப் பாருங்கள். பெயர்ச்சீட்டில் எழுதியிருக்கிற பூதானா வருகிறது என்று தெரியாமல் ஆறு மாதம் இலை வளர்த்து, கடைசியில் கோடே இல்லாமல் வெறும் இளஞ்சிவப்பு பூத்து நின்ற செடி என்னிடம் உண்டு.

உரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? தொட்டியின் அடியில் திரி வைத்துத் தண்ணீர் ஏற்றுகிறவர்கள் உரக்கரைசலை மிகவும் நீர்க்க வையுங்கள், மாதம் ஒருமுறை மேலிருந்து அறை வெப்பத்தில் இருக்கிற சாதா தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். இல்லாவிட்டால் தொட்டி விளிம்பில் உப்பு படியும், அதில் சாய்கிற கீழ்வரிசைக் காம்புகள் கருகிவிடும். கீழ்வரிசை போனால் வட்டமே போச்சு.

மொட்டுக்காவல் எழுதியது:

படித்துவிட்டு நேராகத் தட்டுக்குத்தான் போனேன். மேலிருந்து பார்த்தேன், இத்தனை நாள் பக்கவாட்டில்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இடைவெளி மட்டுமில்லை, அடியில் நாலு குழந்தை இலை, ஒரு பக்கக்கன்று வேறு (மூன்று இலை, எடுத்துவிட்டேன்). ஊதாச்செடியை இனி வீட்டுக்கென்று பூக்கவிடுகிறேன். அதே வகையில் ஒரு தோழியிடம் மூன்று இளஞ்செடி இருக்கிறது, தருவதாகச் சொல்லிவிட்டார்.

மூன்றாம்வரிசை அக்கா, இளஞ்செடியில் லேசாக இடைவெளி விழுந்தால் இலையை நகர்த்திவிடலாமா?

மூன்றாம்வரிசை எழுதியது:

நகர்த்தலாம். இரண்டு காம்புக்கு நடுவில் பல்குச்சியை மண்ணில் குத்தி, நாளுக்குக் கொஞ்சமாகத் தள்ளுங்கள், ஒரேயடியாகத் தள்ளினால் காம்பு முறியும். தண்ணீர் விட்ட அன்று செய்யாதீர்கள், காம்பு விறைப்பாக இருக்கும், மண் லேசாக உலர்ந்திருக்கும்போது வளைந்துகொடுக்கும். பெட்டியில் வைத்துக் காட்சிக்கு எடுத்துப்போகும்போதும் இதே கணக்குதான். மேசையில் வைப்பதற்கு முன் குச்சிகளை எண்ணி எடுத்துவிடுங்கள், எந்த முட்டும் இருக்கக் கூடாது. தோழியிடமிருந்து தள்ளிப்போடாமல் வாங்கிவிடுங்கள், காட்சிக்கு முன் மூன்று மாதமாவது செடி உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.