பனியாற்று ஊரில் மழையில் மாட்டிக்கொண்டோம் – உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

நியூசிலாந்து தெற்குத் தீவின் மேற்குக் கரையில் கார் பயணம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வழி: ஹோக்கிடிகா, பனியாறு (மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பனிக்கட்டி) பக்கத்தில் இருக்கிற ஃபிரான்ஸ் ஜோசஃப், ஃபாக்ஸ் என்ற இரண்டு ஊர்கள், ஹாஸ்ட், அப்புறம் மலை ஏறி வனாகா. வரைபடத்தில் பார்க்க சுலபமாக இருக்கும். ஆனால் ஒரு பக்கம் டாஸ்மன் கடல், மறுபக்கம் தெற்கு ஆல்ப்ஸ் மலை, நடுவில் 6-ஆம் எண் நெடுஞ்சாலை ஒன்றுதான். அதை அடைத்துவிட்டால் சுற்றுவழி என்று பக்கத்தில் எதுவும் கிடையாது.

ஹோக்கிடிகாவில் பெட்ரோல் போடும்போதே கல்லாவில் இருந்தவர் கேட்டார், "ராத்திரி எங்கே தங்குறீங்க? வடமேற்குக் காற்று வருது." கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் அந்தக் காற்று மலையில் முட்டி மேலே ஏறி, சுமந்ததையெல்லாம் இந்தப் பக்கமே கொட்டிவிடும். வசந்தகாலத்தில்தான் இது அதிகமாம். நாங்கள் போனது நவம்பர்.

ஃபிரான்ஸ் ஜோசஃப் போய்ச் சேரும்போது வைப்பர் முழு வேகத்தில் ஓடியும் கண்ணாடி வழியே எதுவும் தெரியவில்லை. ஊருக்குத் தெற்கே வைஹோ ஆற்றின் மேல் இரும்புப் பாலம். துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டுகிற பெய்லி வகை. 2019 மார்ச் 26 அன்று வெள்ளம் அந்தப் பாலத்தை அப்படியே அடித்துக்கொண்டு போனது. மூன்று வாரத்துக்குள் மறுபடி கட்டிவிட்டார்கள். அந்த மழையில் மலைப்பக்கம் க்ராப் ஆற்று மழைமானியில் 48 மணி நேரத்தில் 1,086 மி.மீ. பதிவாகியிருக்கிறது. மறுநாள் காலை குடை பிடித்துக்கொண்டு கரை வரை போய்ப் பார்த்தோம். பனியாறு அரைத்த பாறை மாவு கலந்து, சிமெண்ட் கரைத்த மாதிரி சாம்பல் நிறத் தண்ணீர். தண்ணீர் இரைச்சலுக்கு அடியில் 'டொம்... டொம்' என்று ஒரு சத்தம். ஆற்றின் அடியில் பாறைகள் உருண்டு ஒன்றோடொன்று மோதுகின்றன. காலுக்குக் கீழே தரையில் அது தெரிந்தது. என் மாமியார் ஒரு நிமிஷம் நின்றார், "வாங்கடா போகலாம்" என்று திரும்பிவிட்டார்.

ஃபாக்ஸுக்குத் தெற்கே மண் சரிவு, வடக்கே மரம் விழுந்து அடைப்பு. ஹெலிகாப்டர் ரத்து. 2012-இலிருந்து ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாற்றில் கால் வைக்க ஹெலிகாப்டரை விட்டால் வழியில்லை. எனவே பனியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பணம் முழுதும் திரும்பி வந்தது, அதில் குறை சொல்ல முடியாது. விடுதி அம்மா எங்களைக் கேட்காமலேயே அறையை நீட்டித்துக் கொடுத்தார். கடையில் ரொட்டி தீர்ந்துவிட்டது. கையில் அரிசியும் பருப்புப்பொடியும் இருந்ததால் பிழைத்தோம். வாடகைக் கார் கம்பெனி மட்டும் தாமதக் கட்டணம் கேட்டுப் படாதபாடு படுத்தியது. சாலை அடைப்பு அறிவிப்பைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் விட்டார்கள்.

— — —

அக்கா, நாங்கள் கிழக்குக் கரையில் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறோம். 2019 டிசம்பரில் இதைவிட மோசம். ஃபிரான்ஸ் ஜோசஃபுக்கு இரண்டு பக்கமும் சாலை அடைபட்டு, ஆயிரம் பேர் அளவில் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அதே நாட்களில் கிழக்கே ரங்கிடாடா ஆறு பெருகி 1-ஆம் எண் நெடுஞ்சாலையையும் அறுத்துவிட்டது. தெற்குத் தீவே இரண்டாகக் கிடந்தது. எங்கள் விருந்தாளிகள் தெற்கே குயின்ஸ்டவுனில், நாங்கள் இங்கே.

ஹாஸ்ட் பக்கம் அடைத்தால் சிலர் ஆர்தர்ஸ் பாஸ் என்ற மலைக்கணவாய் ஏறி, கிறைஸ்ட்சர்ச் வந்து, மறுபடி தெற்கே இறங்குகிறார்கள். 800 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதற்குள் சாலையே திறந்துவிடும். என்னைக் கேட்டால் இன்னொரு ராத்திரி தங்குவதே மேல்.

— — —

ஜனவரியில் போகிறோம், இரண்டு சின்னப் பிள்ளைகள். ஃபாக்ஸ் தாண்டினால் ஹாஸ்ட் வரை போன் சிக்னல் இருக்குமா?

— — —

எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்பாதேப்பா. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள், ஃபாக்ஸிலேயே டேங்க் நிரப்பு. காலையில் நெடுஞ்சாலைத் துறையின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடு. கடைசி நாளில் விமானம் மட்டும் போடாதே. அப்புறம், சாண்ட்ஃபிளை என்ற கடிக்கிற சின்ன ஈக்கு மருந்து எடுத்துக்கொள். மழை விட்ட அரை மணி நேரத்தில் கணுக்காலைத் தேடி வந்துவிடும்.