புதுப்பிப்பு: மருத்துவமனையின் 150-ஆம் ஆண்டு விழா

எங்கள் மருத்துவமனையின் 150-ஆம் ஆண்டு விழாவில் பழைய பொருட்களைக் காட்சிக்கு வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வைக்கிறோம். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பழைய எக்ஸ்ரே ஃபிலிம்கள் விஷயத்தில் கவனம் என்று ஒருவர் எழுதியதுதான் பெரிய உதவி. அந்தக் காலத்தில் எக்ஸ்ரேக்குப் பயன்பட்ட நைட்ரேட் ஃபிலிம் (செல்லுலோஸ் நைட்ரேட் என்ற வேதிப்பொருளில் செய்தது) சுலபமாகத் தீப்பிடிக்கும். 1929-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் அது எரிந்து கிளம்பிய நச்சுப்புகையில் 120-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் கிடங்கில் ஒரு பெட்டியைத் திறந்தால், ஃபிலிம்கள் பழுப்பேறி, ஒன்றோடொன்று ஒட்டி, நெடியடித்தன. சுலபமாகத் தீப்பிடிக்காத ஃபிலிம் என்பதற்கு அடையாளமாக ஓரத்தில் இருக்கும் 'சேஃப்டி' என்ற எழுத்தும் இல்லை. உடனே மூடிவிட்டுத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லிவிட்டோம். பாதரச பி.பி. கருவிகளும் காட்சியில் கிடையாது, பாதரசம் கசிந்தால் ஆபத்து.

பழைய அறுவை சிகிச்சைப் பதிவேடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். குளோரோஃபார்ம் கொடுத்த நேரம்கூட மணிமணியான கையெழுத்தில் இருக்கிறது! நோயாளிகளின் பெயர்களை மறைத்துத்தான் வைப்போம். எத்தனை வருடமானாலும் அது அவர்களுடைய சொந்த விஷயம்.

மேடையும் ஒலிபெருக்கியும் வார்டு பக்கமே வராது. அப்புறம், ஓய்வுபெற்ற நர்ஸ்களின் நினைவுகளை இந்த மாதமே பதிவுசெய்யத் தொடங்குகிறோம். பலருக்கு எண்பது தாண்டிவிட்டது, விழா வரை தள்ளிப்போட மனமில்லை.