யாரு வீட்டுப் புள்ள நீ? கேம்களில் நம்மை அடையாளம் கண்ட கூட்டங்கள்

மன்னார்குடியிலிருந்து:

பத்தாவது படிக்கும்போது எங்கள் தெருமுனையில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. நகரத் தெருக்களில் கார் ஓட்டி, கும்பல்களுக்கு வேலை பார்க்கும் ஜிடிஏ 3 கேம் இருந்த கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர சேவ் செய்து வைக்க எட்டு இடம்தான், அந்த எட்டையும் ஊரே பங்கு போட்டுக்கொண்டது. ஐந்தாவது என்னுடையது.

அந்த கேமில் செயின்ட் மார்க்ஸ் என்று ஒரு பகுதி, லியோனி மாஃபியாவின் ஏரியா. ஆரம்பத்தில் அவர்களுக்குத்தான் வேலை பார்ப்போம். வேலை பார்க்கும் வரை தெருவில் நிற்கும் அவர்களின் கோட்டுக்காரர்கள் நம்மைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். வணக்கம் எல்லாம் கிடையாது. சுடாமல் விட்டாலே நம் ஆள் என்று அர்த்தம்.

ஒரு சனிக்கிழமை ஐந்தாவது சேவைத் திறந்து, காரை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவில் நுழைந்தேன். இரண்டு பக்கமும் ஷாட்கன். கார் புகைந்து வெடித்தது. மறுபடி போனேன், மறுபடியும் அதே கதி. சென்டர் அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார்: "டேய், நேத்து ஒருத்தன் உன் சேவ்ல உக்காந்து கதைய ஓட்டி, சால்வடோரப் போட்டுட்டான்டா." அந்தக் குடும்பத்தின் தலைவர்தான் சால்வடோர். அதற்குப் பிறகு அந்தத் தெருவே நமக்குப் பகை.

எவனோ செய்த கொலைக்கு நான் அடி வாங்குகிறேனே என்று அன்று அழுகையே வந்துவிட்டது. இப்போது யோசித்தால் கோட்டுக்காரர்கள் மேல் தப்பில்லை. அவர்களுக்குத் தெரிந்தது சேவ் மட்டும்தான். கீபோர்டில் யார் கை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சரி, உங்களுக்கு எப்படி?

கும்பகோணத்திலிருந்து:

எனக்குச் சட்டையால் வந்த வினை. 2010-இல் வந்த ஃபால்அவுட் நியூ வேகஸ் கேமில் என்சிஆர் என்ற அணியின் படைக்கு ஓடி ஓடி வேலை செய்து நல்ல பேர் வாங்கி வைத்திருந்தேன். என் கவசம் நைந்துபோனதால், செத்துக் கிடந்த லீஜியன்காரன் ஒருவனின் கவசத்தை மாட்டிக்கொண்டேன். லீஜியன், என்சிஆருக்கு ஜென்ம எதிரி. திரையில் ஏதோ எச்சரிக்கை வந்தது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? என்சிஆர் முகாமான கேம்ப் மெக்காரனை நெருங்கியதும் நம்ம பையன்களே சுட ஆரம்பித்துவிட்டார்கள். இந்த கேமில் ஒரு அணியின் உடுப்பைப் போட்டால் நாம் அந்த அணி ஆள்தான். அதுவரை சேர்த்த பேர் அந்த நேரத்துக்கு உதவாது. மறைவாகப் போய்க் கழற்றிய பிறகுதான் உயிர் பிழைத்தேன்.

அப்புறம் அதையே தந்திரமாக வைத்து, எதிரி வேஷம் போட்டு லீஜியன் பக்கம் போய்ப் பார்த்தேன். சிப்பாய்கள் ஏமாந்தார்கள், ஆனால் மேலதிகாரிகளும் காவல் நாய்களும் ஏமாறுவதில்லை. நாய் விஷயத்தை எழுதியவர் கிராமத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும். கரண்ட் போன நேரத்தில் ஹெல்மெட்டோடு வந்தாலும் எங்கள் தெரு நாய்கள் என்னை விட்டுவிடும், புது ஆளைத்தான் கொல்லை வரை துரத்தும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து:

அம்மா ஊருக்குப் போனால் திண்ணையில் இருக்கும் பெரியவர் கேட்கும் முதல் கேள்வி, "யாரு வீட்டுப் புள்ள நீ?" தாத்தா பேரைச் சொன்னால்தான் மோர் வரும்.

ஸ்கைரிம் கேமில் ஓர்க் இனத்தாரின் கோட்டைகள் அப்படியே. முதல் தடவை நோர்ட் இனத்தில் ஆடியபோது வாசலிலேயே நிறுத்தினார்கள். எங்கோ ஒரு குகையில் கிடக்கும் கையுறையைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் ரத்த உறவு என்று ஏற்றுக்கொள்வார்களாம். அடுத்த தடவை ஓர்க்காகவே பிறந்தேன். ஒரு கேள்வி இல்லை, நேரே உள்ளே.

ஆனால் எனக்குப் பிடித்தது காவலர்கள்தான். கம்பேனியன்ஸ் வீரர் குழுவில் சேர்ந்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திப் போனால், "அங்கே நீ என்ன செய்கிறாய், மது எடுத்துக் கொடுக்கிறாயா?" என்று ஒருவன் கேட்பான். டார்க் பிரதர்ஹூட் கொலைகாரக் கும்பலில் சேர்ந்த பிறகு இன்னொரு காவலன் என்னிடம் "ஹெயில் சித்திஸ்" என்று அந்தக் கும்பல் கும்பிடும் பேரைச் சொல்லி முணுமுணுத்தான். சட்டையும் இல்லை, சத்தமும் இல்லை. முதுகு சில்லிட்டது. ரகசியக் கும்பல் என்கிறார்கள், ஊர்க் காவலுக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

பட்டுக்கோட்டைக்காரன், இப்போது சிங்கப்பூரில்:

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் கேமில் ஒரு கூட்டத்திடம் நமக்குள்ள நல்ல பேரும் எண்தான். நடுநிலையிலிருந்து உச்சிக்குப் போக 42,000 புள்ளி, அதில் பாதி, 21,000, கடைசிப் படிக்கு மட்டும். ஷிஃப்ட் முடிந்து வந்து மாதக்கணக்கில் உழைத்தேன். உச்சியில் கடைக்காரர் 20 சதவீதம் தள்ளுபடி தந்தார். மற்றபடி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எங்கள் ஊர் மளிகைக் கடையில் கடன் சொல்லவே இதைவிடக் குறைந்த பழக்கம் போதும்.

மறுபடியும் மன்னார்குடி:

பழக்கம் என்றதும் மச்சான் ஞாபகம் வந்துவிட்டது. 2018-இல் கஜா அடித்துப் பல நாள் கழித்துக் கரண்ட் வந்த இரவு, நாலு பேர் சேர்ந்து, ஊர் கட்டிப் படை திரட்டிச் சண்டை போடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேம் போட்டோம். டீமை நடுவில் மாற்ற முடியாதபடி லாக் செய்ய மறந்துவிட்டோம். அதில் உறவு ஒருவழிப் பாதை. நான் ஒருவனைக் கூட்டாளி என்று குறித்தால் அது என் ஆட்களுக்கு மட்டும்தான் கட்டளை. ஆட்டத்தின் நடுவில் மச்சான் என்னை எதிரி என்று மாற்றியதை நான் கவனிக்கவில்லை. அவன் குதிரைகள் என் வயலில் இறங்கி ஆட்களை வெட்டுகின்றன, பக்கத்திலேயே என் வில்லாளிகள் இருபது பேர் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்கள் கணக்கில் அவன் இன்னும் நம்ம ஆள்.

கூட்டாளி, எதிரி என்று குறிக்கும் டிப்ளமசி திரையைத் தேடி மாற்றுவதற்குள் பாதி வயல் காலி. அப்புறம் கரண்ட் போய்விட்டது. தான் ஜெயித்ததாகத்தான் மச்சான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.