அம்மா குடியிருக்கும் ஈசூன் வீட்டுக்குச் சொத்து வரி ஏன் இவ்வளவு கூடியது?

செங்காங்வாசி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் மனைவிக்கும் சிங்கப்பூர் ஈசூனில் ஒரு நாலறை வீவக வீடு, அதாவது அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு, இருக்கிறது. அங்கே குடியிருந்தே ஆகவேண்டிய ஐந்தாண்டுக் குறைந்தபட்சக் காலம் முடிந்து, பிறகு செங்காங்கில் ஒரு கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கிப் பிள்ளைகளோடு அங்கே போய்விட்டோம். ஈசூன் வீட்டில் இப்போது அம்மா மட்டும்தான். அப்பா கடைசிவரை இருந்த வீடு, எதிர் புளோக்கில் மார்க்கெட், கோயிலுக்கு நடந்தே போய்விடுவார், அதனால் வரமாட்டேன் என்றுவிட்டார். வாடகை ஒரு காசு வாங்கவில்லை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் நான்தான் கட்டுகிறேன்.

இப்போது 2025க்கான பில் வந்திருக்கிறது. ஈசூன் வீட்டின் ஆண்டு மதிப்பு 13,200 வெள்ளி (டாலர்), வரி 1,584 வெள்ளி! நாங்கள் அங்கே குடியிருந்த காலத்தில் கட்டியது இதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கொண்டோ வாங்கும்போது ஏஜென்ட் ஒருவர், "அம்மாதானே இருக்கிறார், வாடகைக்கு விடவில்லையே, பழைய வரிதான் வரும்" என்று உறுதியாகச் சொன்னார். வாடகையே வாங்காத வீட்டுக்கு வாடகையை வைத்து மதிப்புப் போடுவது எப்படி? பில்லில் ஏதாவது தவறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

உட்லண்ட்ஸ்காரர்:

தம்பி, பில்லில் தவறில்லை. உங்களிடம் சொன்னவர்தான் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பியிருக்கிறார், பலரும் குழப்பிக்கொள்கிற இடம் இது.

முதலில் ஆண்டு மதிப்பு. இது வீட்டின் விலையும் இல்லை, நீங்கள் உண்மையில் வாங்கும் வாடகையும் இல்லை. அந்த வீட்டை வெளியே விட்டால் ஒரு வருடத்துக்கு என்ன வாடகை கிடைக்கும் என்று, அக்கம்பக்கத்தில் அதே மாதிரி வீடுகள் போகும் வாடகையைப் பார்த்து உள்நாட்டு வருவாய் ஆணையம் போடும் கணக்கு. நாற்காலி, கட்டில், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் கழித்துவிட்டுத்தான். நீங்கள் குடியிருந்தாலும், அம்மா இருந்தாலும், பூட்டிக் கிடந்தாலும் அந்த எண் ஒன்றுதான்.

மாறுவது வரி விகிதம். அதற்கு அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: உரிமையாளர் அங்கே வசிக்கிறாரா? வாடகை வாங்குகிறாரா என்பது கேள்வியே இல்லை. உரிமையாளர் குடியிருக்கும் வீடு என்றால் 2025 ஜனவரி முதல் ஆண்டு மதிப்பில் முதல் 12,000 வெள்ளிக்கு வரி கிடையாது, அடுத்த 28,000க்கு 4 விழுக்காடு, அதன்பின் படிப்படியாக ஏறி உச்சத்தில் 32. உரிமையாளர் குடியிருக்காத வீடு என்றால் முதல் வெள்ளியிலிருந்தே 12 விழுக்காடு, அது 30,000 வரை. அடுத்த 15,000க்கு 20, அதற்கடுத்த 15,000க்கு 28, 60,000க்கு மேல் 36. உங்கள் 13,200ஐ 12 விழுக்காட்டில் பெருக்கிப் பாருங்கள், சரியாக 1,584 வரும். நீங்கள் அங்கேயே இருந்திருந்தால் 1,200 வெள்ளிக்கு மட்டும் 4 விழுக்காடு, அதாவது 48 வெள்ளி, அதிலும் 2025க்கு வீவக வீட்டுக்கு 20 விழுக்காடு கழிவு கொடுத்தார்கள்.

கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு வீட்டுக்குத்தான் இந்தச் சலுகை. அதைக் கொண்டோவுக்கு வாங்கிவிட்டீர்கள். அம்மா குடியிருக்கிறார், ஆனால் அவர் உரிமையாளர் இல்லையே. காலி வீட்டுக்குக்கூட ஒரு காலத்தில் கட்டிய வரி திரும்பக் கிடைத்தது, 2014இலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள்.

---

ஹூஸ்டன் அக்கா:

நான் ஏழு வருடம் டெக்சஸில் இருந்தேன், இதே சிக்கலை அங்கே வேறு வடிவத்தில் பார்த்ததால் எழுதுகிறேன். அங்கே வாடகையைப் பார்ப்பதில்லை, கவுண்டிக்கென்று (மாவட்டம் மாதிரி) இருக்கும் மதிப்பீட்டு அலுவலகம் ஜனவரி 1ஆம் தேதி நிலவரப்படி சந்தை விலையைப் போடும். ஆனால் நீங்களே குடியிருக்கும் முதன்மை வீடு என்று பதிவு செய்துகொண்டால் வரிக்கான மதிப்பு ஒரு வருடத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற முடியாது, ஒரு தொகையையும் கழித்துவிடுவார்கள். அங்கேயும் இரண்டு வீடு வைத்திருந்தால் ஒன்றுக்குத்தான். மாநில வருமான வரி கிடையாது என்பதால் பள்ளிக்கூடச் செலவு முதற்கொண்டு வீட்டு வரியில்தான் பெரும்பகுதி வந்து விழும், அதனால் மே 15 கெடுவுக்குள் மதிப்பை எதிர்த்து மனுப் போடுவது எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் வருடா வருடம் நடக்கும் வேலை. மாடு மேய்க்கும் நிலம் விவசாய நிலம் என்று வகைப்பட்டால் சந்தை விலையை விட்டுவிட்டு விளைச்சலை வைத்துக் கணக்குப் போடுவார்கள், வரி அவ்வளவு இறங்கும்! எந்த வகையில் சேர்க்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள் என்று அங்கே கற்றுக்கொண்டேன்.

---

தேக்கா மணி:

விகிதத்தை எதிர்க்க முடியாது, ஆண்டு மதிப்பை எதிர்க்கலாம். நான் செய்திருக்கிறேன். என் வீடு தாழ்ந்த மாடி, விரைவுச்சாலை ஜன்னலுக்கு நேரே. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் தளத்தில் எங்கள் கொண்டோவில் பதிவான வாடகைகள் இலவசமாகவே கிடைக்கும், என் வீட்டின் அளவில் இருக்கும் வீடுகளை மட்டும் எடுத்து அனுப்பினேன், கொஞ்சம் குறைத்தார்கள். வீவக வீடுகளுக்கும் கழகத்தின் தளத்தில் வாடகை விவரம் இருக்கிறது. சிங்க்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் மூலம் வரித் தளத்துக்குள் போய் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம், ஆனால் மதிப்பை மாற்றித் தனியாக அறிவிப்பு வந்திருந்தால் 30 நாளுக்குள். ஒன்று கவனம்: விளம்பரத்தில் பார்க்கும் வாடகையில் தட்டுமுட்டுச் சாமானும் பராமரிப்புக் கட்டணமும் சேர்ந்திருக்கும், அதோடு ஒப்பிட்டால் உங்கள் மதிப்பு ஏற்கெனவே குறைவாகத்தான் தெரியும். ஆட்சேபம் போட்டாலும் ஜனவரி 31க்குள் வரியைக் கட்டிவிட வேண்டும், குறைத்தால் மீதியைத் தருவார்கள். உங்கள் 13,200ஐ ஈசூன் நாலறை வாடகையோடு வைத்துப் பார்த்தால் எதிர்க்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

---

செங்காங்வாசி:

எல்லாருக்கும் நன்றி, இப்போதுதான் புரிகிறது. இரண்டு சந்தேகம். அம்மாவின் பெயரை ஈசூன் வீட்டில் சேர்த்துவிட்டால்? அல்லது சலுகையை ஈசூனுக்கே மாற்றிக்கொண்டால்? இன்னொன்று, அம்மாவுக்கு அரசாங்கம் தரும் ஜிஎஸ்டி பற்றுச்சீட்டு உதவிப் பணம் நின்றுவிடுமா? அந்தப் பணத்தில்தான் அவர் பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்குவார்.

---

உட்லண்ட்ஸ்காரர்:

மாற்றுவது பற்றி முதலில். நீங்கள் உண்மையில் எங்கே வசிக்கிறீர்களோ அந்த வீட்டுக்குத்தான் சலுகை, வரி குறைவாக வரும் வீட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் விஷயம் இல்லை. கணக்கிலும் நட்டம்தான். கொண்டோவின் ஆண்டு மதிப்பு 36,000 என்று வைத்துக்கொள்வோம், குடியிருக்கும்போது 960, இல்லாவிட்டால் 4,800. அதை விட்டுவிட்டு ஈசூனில் 1,500 மிச்சம் பிடிப்பதில் என்ன பயன்?

அம்மா பெயரைச் சேர்ப்பது: அவர் உரிமையாளராகி அங்கேயே வசித்தால் சலுகைக்கு வழி உண்டு. ஆனால் வீவக வீட்டு உரிமையில் ஆளை மாற்றுவதற்குத் திருமணம், மணவிலக்கு, இறப்பு, பணக்கஷ்டம் போன்ற குறிப்பிட்ட காரணங்கள் வேண்டும், வரியைக் குறைக்க என்று கேட்டால் நடக்காது.

பற்றுச்சீட்டு பற்றிக் கவலை வேண்டாம். அதற்குப் பார்ப்பது அவர் வசிக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பை, நீங்கள் கட்டும் வரியை இல்லை. மதிப்பு மாறவில்லையே. ஒன்றுக்கு மேற்பட்ட வீடு வைத்திருப்பதால் உங்களுக்கும் மனைவிக்கும்தான் அது கிடைக்காது.

---

செங்காங்வாசி:

சரி அண்ணே. ஜைரோவில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறை) வட்டியில்லாமல் 12 மாதமாகப் பிரித்துக் கட்டலாம் என்று பார்த்தேன், மாதம் 132 வெள்ளி. தம்பியும் பாதி தருகிறேன் என்றிருக்கிறான். அம்மாவிடம் இதைச் சொல்லப்போவதில்லை. தெரிந்தால் மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு செங்காங்குக்கு வந்துவிடுவார், அந்த மார்க்கெட்டையும் கோயிலையும் விட்டுவிட்டு.