பாண்டியில அயவாஸ்கா சடங்கு: என் தங்கச்சிய அனுப்பலாமா?

மஞ்சக்குப்பம் அக்கா:
என் சித்தி பொண்ணுக்கு 26 வயசு. சின்ன வயசுல சொந்தக்காரன் ஒருத்தன் அவகிட்ட தப்பா நடந்துக்கிட்டான், வீட்ல பாதி பேருக்கு இன்னும் தெரியாது. சரியா தூங்க மாட்டா, பின்னாடி யாராவது வந்து நின்னாலே நடுங்கிடுவா. டாக்டர் குடுத்த எஸ்சிடலோபிராம் சாப்பிடுறா, மனச்சோர்வுக்கும் பதட்டத்துக்கும் குடுக்குற மாத்திரை அது. இப்ப ஈசிஆர் பக்கம் ஒரு வீட்ல ராத்திரி முழுக்க அயவாஸ்கா சடங்காம், அமேசான் காட்டு மருந்து, பொண்ணுங்களோட உள்காயம் எல்லாம் ஆறிடும்னு இன்ஸ்டால பாத்துட்டு போயே தீருவேன்னு நிக்கிறா. வர்றதுக்கு முன்னாடி மாத்திரைய நிறுத்தணும்னு சொல்லிருக்காங்க. எனக்கு பயமா இருக்கு, ஆனா அவ முகத்துல ரொம்ப நாள் கழிச்சு ஒரு தெளிவு, அத எப்படிங்க கெடுக்குறது?

வார்டு நர்ஸ்:
அக்கா, முதல்ல மாத்திரை விஷயம். அயவாஸ்காங்குறது ஒரு கொடியையும் இலையையும் சேர்த்து காய்ச்சுற கஷாயம். அந்தக் கொடியில ஹார்மின், ஹார்மலைன்னு இருக்கு, அது உடம்புல ஒரு என்சைம அடைச்சிடும், அதனாலதான் கூட போடுற இலையில இருக்குற டிஎம்டிங்குற, இல்லாதத கண்ணுல காட்டுற பொருள் வேலை செய்யுது. எஸ்சிடலோபிராம் உடம்புல இருக்கும்போது இதையும் குடிச்சா செரட்டோனின்ங்குற மூளை ரசாயனம் எக்குத்தப்பா ஏறி காய்ச்சல், நடுக்கம், வலிப்புன்னு போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அதுக்காக மாத்திரைய தானா நிறுத்துறதும் கூடாது, தலைசுத்தல், பதட்டம் எல்லாம் திரும்பி அடிக்கும். இன்னொன்னு, டிஎம்டி நம்ம நாட்டுல போதைப்பொருள் சட்டத்துல வருது. அங்க அவளுக்கு ஏதாவது நடந்தா போலீஸ்கிட்ட போகவே பயப்படுவா, அந்த பயம்தான் தப்பு பண்றவனுக்கு வசதி.

முத்தியால்பேட்டை வாசகி:
அந்த மருந்த நான் மட்டமா பேச மாட்டேன். பெருவுல ஷிபிபோங்குற பழங்குடி மக்களுக்கு அது தலைமுறை தலைமுறையா வர்ற வைத்தியம், 2008ல அந்த நாடே பண்பாட்டு சொத்துன்னு அறிவிச்சுச்சு. வைத்தியர் ஆகணும்னா வருஷக்கணக்கா உப்பு, இனிப்பு, உடலுறவு எல்லாம் விட்டு பத்தியம் இருந்து, இகாரோங்குற பாட்டுகள கத்துக்கணும். பாட்டும் பத்தியமும் ஊரும் சேர்ந்ததுதான் அங்க வைத்தியம், கஷாயம் மட்டும் இல்ல. பிரேசில்ல மாத்திரைக்கு கேக்காத மனச்சோர்வு உள்ள 29 பேர வச்சு, கிட்டத்தட்ட பாதி பேருக்கு இதையும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலிக் கஷாயத்தையும் குடுத்து சோதிச்சப்ப, இதக் குடிச்சவங்களுக்கு நல்ல பலன் தெரிஞ்சுது, ஆனா அது ஆராய்ச்சியாளர்கள் கண்காணிப்புல, வேற மனச்சோர்வு மருந்து எதுவும் உடம்புல இல்லாதப்ப நடந்தது. பெருவுலயே சடங்குல மயக்கத்துல கிடந்த பொண்ணுங்ககிட்ட வைத்தியர்னு சொல்லிக்கிட்டவங்களே கைவச்ச சம்பவங்க வெளிய வந்து, 2019ல இந்த மாதிரி மூலிகைகள பத்தி வேலை செய்யுற சக்ருனாங்குற நிறுவனம் இதுக்குன்னே பொண்ணுங்களுக்கு ஒரு எச்சரிக்கை கையேடு போட்டுச்சு. ஏற்கனவே ஒருத்தன் கையில நொந்த பொண்ண, எழுந்து நடக்கக்கூட முடியாத நிலையில இருட்டு ரூம்ல முன்னபின்ன தெரியாதவங்கள நம்பி விடுறதாங்க?

கடலூர் பொண்ணு:
நானும் அந்த மாதிரி பொண்ணுதான் அக்கா. எங்கம்மா மேல்மலையனூர் அமாவாசைக்கு கூட்டிட்டு போனப்ப அங்க சாமியாடுற பொம்பளைங்க நடுவுல நின்னு வாய்விட்டு அழுதேன், யாரும் ஏன்னு கேக்கல, அன்னைக்கு ராத்திரி தூங்கினேன். அதனால அவ எதத் தேடுறான்னு எனக்கு புரியுது. ஆனா பின்னாடி யாராவது நின்னா நடுங்குறது போனது ஒரு பெண் கவுன்சிலர்கிட்ட மாசக்கணக்கா பேசினப்புறம்தான், எதை எப்ப சொல்லணும்னு நானே முடிவு பண்ணேன், வேணாம்னா நிறுத்திக்கலாம். ஜிப்மர்ல மனநலப் பிரிவு இருக்கு. போன்ல பேசணும்னா 14416, டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. அவகிட்ட போகாதன்னு மட்டும் சொல்லாதீங்க, "நீ தேடுறது சரிதான், நான் கூட வரேன், வேற இடம் பாப்போம்"னு சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் அக்கா:
இப்பதான் கேட்டேன், மாத்திரைய முந்தாநாளே நிறுத்திட்டாளாம். நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறேன்.

வார்டு நர்ஸ்:
நாளைக்கு வரைக்கும் வேணாம், இப்பவே டாக்டருக்கு போன் போட்டு மறுபடி எப்படி ஆரம்பிக்கணும்னு கேளுங்க. ராத்திரி அவள தனியா விடாதீங்க.