நிதி ஆலோசகருக்குக் கட்டணம்: மொத்தத் தொகையா, சதவீதமா, கமிஷனா?

தராசு:
"முதலீட்டுத் தொகையில் வருஷத்துக்கு 1 சதவீதம்தானே" என்று சொல்லியே பல ஆலோசகர்கள் வண்டி ஓட்டுகிறார்கள். 7 சதவீதத்தில் வளரும் 100, 30 ஆண்டில் 761 ஆகும். ஆலோசகருக்கு 1 போய், 6 சதவீதத்தில் வளர்ந்தால் 574தான். கைக்கு வரவேண்டியதில் ஏறக்குறைய கால்வாசி காணோம். விலைவாசி ஏற்றம் 4 சதவீதம் என்றால் உண்மையான வளர்ச்சியே 3தான். அதில் மூன்றில் ஒன்று அவருக்கு.

இதைவிட மோசம், அறிவுரையே கோணலாவது. 9 சதவீத வட்டியில் கடன் இருக்கிறது, முதலீட்டில் கொஞ்சம் விற்று அடைத்துவிடலாமா என்று அவரிடம் கேளுங்கள். "அடைத்துவிடுங்கள்" என்றால் அவர் வருமானம் அன்றைக்கே இறங்கும். ஆகவே என் கட்சி இதுதான்: வேலைக்கு இவ்வளவு, அல்லது மணிக்கு இவ்வளவு என்று பேசி வாங்குபவரிடம் மட்டும் போங்கள்.

ஆழ்கடல்:
கணக்கு சரி, முடிவு தப்பு. மொத்தத் தொகை வாங்குபவர் 40 பக்க பிடிஎஃப் அனுப்பிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். அதற்குப் பிறகுதான் எல்லாம் சறுக்கும். டேர்ம் பாலிசிக்கான (காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) மருத்துவப் பரிசோதனை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும், பழைய கணக்குகளில் நாமினி மாறாமலே கிடக்கும், உயில் வரைவோடு நிற்கும். சந்தை 30 சதவீதம் விழும் வாரத்தில் "விற்காதீங்க" என்று சொல்லவும் ஆள் இருக்காது. ஆண்டு முழுக்கப் பின்னாலேயே நின்று முடித்துத் தருபவருக்குத்தான் சதவீதம்.

கமிஷன், அதாவது பாலிசியோ ஃபண்டோ விற்றதற்கு அந்த நிறுவனம் ஆலோசகருக்குத் தருவது, வேண்டாம் என்பதற்கும் விலை உண்டு. பிரிட்டனில் 2012 இறுதியோடு முதலீட்டு ஆலோசனைக்குக் கமிஷன் கிடையாது என்று ஆக்கினார்கள். விற்பனைத் தூண்டுதல் குறைந்தது உண்மை. ஆனால் சிறிய தொகைக்காரர்களை ஆலோசகர்கள் கைகழுவினார்கள். அந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்று 2016இல் அரசும் அங்குள்ள நிதித்துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிஏவும் சேர்ந்து தனி ஆய்வறிக்கையே வெளியிட வேண்டியதாயிற்று.

கைக்கணக்கு:
ரெண்டு பேருமே வேலி மேல நின்னு சண்டை போடுறீங்க. ஆறு மாச செலவு அவசர நிதி, ஒரு டேர்ம் பாலிசி, ஒரு மருத்துவக் காப்பீடு, பங்குச்சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுற ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட். இதுக்கு எதுக்குங்க ஆலோசகர்?

தராசு:
சம்பளம் வாங்கிச் சேமிக்கும் வயதில் நீங்கள் சொல்வது சரிதான். எடுத்துச் செலவழிக்கும் வயதில் வேறு கணக்கு.

100 இருக்கிறது, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 10 எடுக்க வேண்டும். முதல் ஆண்டு 30 சதவீதம் விழுந்து, மறு ஆண்டு 50 சதவீதம் ஏறினால் மிச்சம் 79.5. அதே இரண்டு ஆண்டும் இடம் மாறி வந்தால் 87.5. எதுவும் எடுக்காமல் விட்டிருந்தால் இரண்டு வழியிலும் 105. ஓய்வு பெற்றதும் முதலில் எதை விற்பது, எத்தனை ஆண்டுச் செலவைப் பங்குச்சந்தைக்கு வெளியே வைப்பது என்பதற்கு இண்டெக்ஸ் ஃபண்ட் பதில் சொல்லாது. இரண்டு நாடுகளில் வரி, தொழிலை விற்ற பணம், ஆயுள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்படும் பிள்ளை என்று வந்தாலும் ஆள் வேண்டும்.

நிழற்குடை:
கட்டண முறையைப் பற்றி மட்டும் அடித்துக்கொண்டால் முக்கியமானது விட்டுப்போகும். முதலில் பதிவேடு. பெயரை வைத்துத் தேடாதீர்கள். அவரிடம் பதிவு எண்ணை வாங்கி, ஒழுங்குமுறை அமைப்பின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். இந்தியாவில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியிடம் பதிந்த ஆலோசகர் எண் 'ஐஎன்ஏ' என்று தொடங்கும். 'ஏஆர்என்' என்று காட்டினால் அவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். விற்பவர் எல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை, ஆனால் அவர் வேலை வேறு. அமெரிக்காவில் ஆலோசகர்கள் பதிவுக்காகத் தாக்கல் செய்யும் 'ஃபார்ம் ஏடிவி'யின் இரண்டாம் பகுதியில் கட்டணம், நல முரண் (அவர் லாபமும் உங்கள் நலனும் மோதும் இடங்கள்), ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் எழுதியிருக்கும். அங்கே இன்னொரு சொல் விளையாட்டும் உண்டு: 'ஃபீ-ஒன்லி' என்றால் வாடிக்கையாளர் தரும் கட்டணம் மட்டும், 'ஃபீ-பேஸ்டு' என்றால் கட்டணத்தோடு கமிஷனும் வரலாம். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம்.

அடுத்து, மின்னஞ்சலில் ஒரு கேள்வி: "சென்ற ஆண்டு உங்கள் வருமானத்தில் வாடிக்கையாளர் கட்டணம் எத்தனை சதவீதம், மற்றவர்களிடமிருந்து வந்தது எத்தனை சதவீதம்? உங்கள் குடும்பத்தினர் பெயரிலோ துணை நிறுவனத்திலோ விற்பனை உரிமம் இருக்கிறதா?" பதில் எழுத்தில் வரவேண்டும். போனில் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றால் அது பதில் இல்லை.

மூன்றாவது, பணம் யார் கையில். உங்கள் பெயரில் உள்ள கணக்கில் மட்டும் முதலீடு. அறிக்கை உங்களுக்கு நேராக வங்கியிடமோ ஃபண்ட் நிறுவனத்திடமோ இருந்து வரவேண்டும். கடவுச்சொல், ஓடிபி, பொது அதிகாரப் பத்திரம் எதுவும் கிடையாது. 2008இல் அமெரிக்காவில் வெடித்த மேடாஃப் முதலீட்டு மோசடியில் பணத்தை வைத்திருந்ததும், வர்த்தகம் நடந்ததாகக் காட்டியதும், மாதாந்தர அறிக்கை அச்சிட்டதும் ஒரே நிறுவனம். கட்டண முறை நியாயமாக இருந்திருந்தாலும் அங்கே யாரும் தப்பியிருக்க முடியாது.

ஆழ்கடல்:
மூன்றாவதில் எனக்கு மறுப்பே இல்லை. முதல் இரண்டும் நேர்மையை வடிகட்டும், திறமையை வடிகட்டாதே? பதிவு எண் பளபளவென்று இருக்கும், கணக்கு தெரியாது.

நிழற்குடை:
அதற்குச் சின்னதாக ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். முழுத் திட்டத்துக்கு ஒப்பந்தம் போடும் முன், பழைய எண்டோவ்மென்ட் பாலிசி (காப்பீடும் சேமிப்பும் கலந்தது) ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லி அதற்கான கட்டணத்தைக் கொடுங்கள். உதாரணம்: இன்றைய சரண்டர் மதிப்பு (இப்போதே முடித்துக்கொண்டால் கைக்கு வருவது) 60, இன்னும் மூன்று ஆண்டு பிரீமியம் தலா பத்தாக (முதலாவது இப்போது), மூன்று ஆண்டு கழித்து முதிர்வு 110. இதுவரை கட்டியதை இந்தக் கணக்கில் கொண்டுவரவே கூடாது, போனது போனதுதான். இன்று 60ஐ விட்டுவைப்பதும், மேலே மூன்று முறை பத்து போடுவதும்தான் முதலீடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 7.8 சதவீதம் வருகிறது. இதே அளவு பாதுகாப்புள்ள வேறிடத்தில் 6தான் கிடைக்கும் என்றால் வைத்திருப்பதே லாபம். முதிர்வுத் தொகையில் உறுதியானது எவ்வளவு, போனஸ் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு என்று அவர் பிரித்துக் காட்டுகிறாரா என்றும் பாருங்கள்.

கணக்கு போடாமலே "எண்டோவ்மென்ட் குப்பை, சரண்டர் பண்ணுங்க" என்பவருக்கும், "இதை முடித்துப் புதுசா ஒண்ணு எடுத்துக்கலாம்" என்பவருக்கும் முழு வேலையைத் தராதீர்கள்.

கைக்கணக்கு:
அட, இந்தக் கணக்கு நல்லாருக்கு. 7.8 வரும்னு நினைக்கல, குப்பைன்னுதான் நானும் சொல்லியிருப்பேன்.

தராசு:
இன்னொன்று சேர்க்கிறேன். திட்டம் கைக்கு வந்ததும் எதிர்பார்க்கும் வளர்ச்சியை 2 சதவீதம் குறைத்து மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 12 சதவீதம் என்று போட்டால் எந்தத் திட்டமும் அழகாகத்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் பாதியில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதும், திட்டத்தில் எது அடங்கும், எது அடங்காது என்பதும் எழுதியிருக்க வேண்டும். "வரி ஆலோசனையும் உண்டு" என்று வாயால் சொல்லிவிட்டு மார்ச் மாதத்தில் தனி பில் அனுப்புவது வழக்கமான சண்டை.

ஆழ்கடல் சொன்ன பின்தொடர்தலுக்கும் சதவீதம் தேவையில்லை. முதல் கட்டணத்தில் பாதியைத் திட்டம் தந்தபோது, மீதியை நாமினி, பாலிசி, உயில் எல்லாம் முடிந்த பிறகு என்று பிரித்து எழுதிக்கொள்ளலாம்.

ஆழ்கடல்:
பாதிப் பாதி நல்ல யோசனை. ஆனால் சந்தை விழும் வாரம் முதல் ஆண்டிலேயே வரும் என்று யார் சொன்னது? அது ஐந்தாம் ஆண்டில் வரும்போது உங்கள் ஒப்பந்தம் முடிந்திருக்கும். சதவீதம்தான் வேண்டும் என்பவர்கள், ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று ஓர் உச்சவரம்பும், கடன் அடைத்ததால் குறைந்த தொகைக்கு அந்த ஆண்டுக் கட்டணம் குறையாது என்று ஒரு வரியும் எழுதிக்கொள்ளுங்கள். கடனை அடைக்கச் சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்காது.

தராசு:
உச்சவரம்பு வைத்துவிட்டால் அது மொத்தத் தொகைதானே நண்பரே?

ஆழ்கடல்:
வரம்பைத் தொட்டவர்களுக்கு. தொடாதவர்கள்தான் இங்கே அதிகம்.