கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, தொழுவத்தில் கறவை, பத்து மணிக்கு ஆபீஸ் வேலை: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி
9 மாதக் குழந்தை, எடை 8 கிலோ. தண்ணியா போகுது, லேசான காய்ச்சல். வீட்டில் ரெண்டு கறவை, ஒரு இளங்கன்று, அஞ்சாறு கோழி. வேலை வீட்டிலிருந்தே. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

நர்ஸ் அக்கா
தங்கச்சி, முதல்ல ஓஆர்எஸ் பாக்கெட்டைத் திருப்பி அளவைப் படிங்க. 20 கிராமுக்கு மேல இருந்தா அது 1 லிட்டர் தண்ணிக்கு. 4 கிராம் சொச்சம்னா 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கரைச்சுக் கொடுத்தா உடம்புல உப்பு ஏறிடும், அது வயிற்றுப்போக்கை விட ஆபத்து. பாதி பாக்கெட், கால் பாக்கெட்னு கண்ணளவுல பிரிக்கவும் வேண்டாம். கொதிச்சு ஆறின தண்ணில மொத்தமா கரைங்க, 24 மணி நேரம் ஆனா மிச்சத்தைக் கொட்டிடுங்க. அட்டைப் பெட்டில இனிப்பா விக்கிற பானமெல்லாம் ஓஆர்எஸ் ஆகாது.

ஒவ்வொரு தடவை போனதுக்கப்புறமும் 50 முதல் 100 மில்லி. ஒரு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். பாட்டில்ல கொடுத்தா அவசரமா குடிச்சு வாந்தி எடுக்கும். எடுத்தா 10 நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவா ஆரம்பிங்க. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. இட்லி, குழைஞ்ச பருப்புச் சாதம் கொடுக்கலாம். துத்தநாக மாத்திரை டாக்டர் எழுதுவார்: 6 மாசம் தாண்டின குழந்தைக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். போக்கு நின்னாலும் பாதியில விடாதீங்க. பெரியவங்க போடுற, போக்கை உடனே நிறுத்துற மாத்திரையைத் தொடக்கூடாது.

காய்ச்சல் மருந்துலதான் குழப்பம் அதிகம். பாராசிட்டமால் சொட்டு மருந்து 1 மில்லியிலயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்புல 5 மில்லிக்கு 120, 125, 250னு பல அளவு வருது. டாக்டர் "5 மில்லி"ன்னு சொன்னது எந்த பாட்டிலுக்குன்னு கேட்டு, அந்த பாட்டில் மேலயே எழுதி ஒட்டுங்க. அப்பா கொடுத்தாலும் பாட்டி கொடுத்தாலும் அளவு மாறாது.

கண்ணு குழி விழறது, குடிக்க முடியாம சோர்ந்து தூங்கிட்டே இருக்கிறது, 6 மணி நேரமா மூத்திரம் போகாதது, மலத்துல ரத்தம், குடிச்சதெல்லாம் வாந்தி: இதுல ஒண்ணு இருந்தாலும் கறவையை அப்படியே விட்டுட்டு 108க்கு போன் பண்ணுங்க.

தொழுவத்து அண்ணன்
அக்கா சொன்னதுதாங்க முதல்ல. மாட்டுக்குக் கறக்கிற நேரம் ஒரு மணி நேரம் முன்னப்பின்ன ஆனா ஒண்ணும் கெட்டுப்போகாதுங்க. ஒரு வேளை மொத்தமா விட்டாத்தான் மடி கட்டும்.

கவனிக்க வேண்டியது வேற. மடி கழுவி காம்பைத் தொட்டதும் பால் இறங்கும், அந்தச் சுரப்பு 5 முதல் 7 நிமிஷம்தான் நிக்கும். பாதியில குழந்தை அழுதுன்னு எழுந்து போய்ட்டு வந்தா மாடு மறுபடி சரியா இறக்காது. மிச்சப் பால் மடியில தங்குனா மடிநோய்க்கு வழி. அதோட, கடைசியில வர்ற பால்லதான் கொழுப்பு அதிகம். அது உள்ளயே நின்னா சொசைட்டியில ஃபேட் குறைஞ்சு காசும் குறையும். அதனால குழந்தைக்குப் பால் கொடுத்து, துணி மாத்தி, பாத்துக்க ஒரு ஆள்கிட்ட விட்டப்புறம்தான் மடியில தண்ணி ஊத்தணும். ஆள் இல்லைன்னா குழந்தை தூங்குறவரை கறக்கிறதைத் தள்ளுங்க.

கறந்து முடிச்சதும் காம்பை போவிடோன் அயோடின் கரைசல்ல முக்கி எடுத்து, அப்புறம் பசுந்தீவனம் போடுங்க. காம்புத் துவாரம் மூட அரை மணி நேரம் ஆகும், அதுக்குள்ள மாடு படுத்தா கிருமி உள்ள ஏறிடும். தீவனம் முன்னால இருந்தா மாடு படுக்காம நிக்கும். அந்த அரை மணி நேரம் உங்களுக்கும் கிடைக்குதுங்க.

கன்று வளர்ப்பவர்
இளங்கன்று இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அது கழியுதான்னு இன்னைக்கே பாருங்க. கழிச்சல் உள்ள கன்னுல கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு கிருமி இருக்கலாம். அது மனுஷங்களுக்கும் தொத்தும், கைக்குழந்தைக்கு ரொம்ப மோசம். சானிடைசருக்கும் தண்ணில போடுற குளோரினுக்கும் அது லேசுல சாகாது. சோப்பு போட்டுத் தேய்ச்சு ஓடுற தண்ணில கழுவணும், குடிதண்ணி தளதளன்னு கொதிக்கணும். தொழுவத்துக்குத் தனி நைட்டி, தனி செருப்பு. ரெண்டும் வாசல் தாண்டி உள்ள வரக்கூடாது. கோழி எச்சத்துலயும் வயிற்றுப்போக்குக் கிருமி உண்டு. குழந்தை தவழுற திண்ணையில கோழி ஏறாம வலை கட்டுங்க. கறந்த பாலைக் காய்ச்சாம யாரும் குடிக்க வேண்டாம். காய்ச்சினாலும் ஒரு வயசு வரை தாய்ப்பாலுக்குப் பதிலா மாட்டுப்பால் வேண்டாம்.

வீட்டிலிருந்து வேலை
மேனேஜருக்கு "முடிஞ்சப்ப வர்றேன்"னு எழுதாதீங்க. எந்த நேரம் இருப்பீங்க, எந்த நேரம் இருக்க மாட்டீங்கன்னு மெயில்ல போடுங்க, ரெண்டு நாளைக்கு மட்டும் கேளுங்க. குழந்தைக்கு வயிறு போன நேரம், மூத்திரம், மருந்து எல்லாத்தையும் தினசரி காலண்டர் தாளோட பின்பக்கம் எழுதுங்க. மீட்டிங்ல இருக்கும்போது யார் என்ன கொடுத்தாங்கன்னு கேட்க வேண்டியிருக்காது, டாக்டரும் அதைத்தான் முதல்ல கேட்பார்.

கேள்வி கேட்டவர்
நன்றிங்க. சித்தப்பா மாட்டைப் பார்த்துக்க வர்றேன்னு சொல்றார். அவருக்கு என்ன சொல்லணும் அண்ணா?

தொழுவத்து அண்ணன்
அளவைச் சொல்லுங்க. உடம்புக்கு ஒன்றரை கிலோ அடர்தீவனம், அதுக்கு மேல ரெண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. அதாவது 10 லிட்டர் கறக்கிற மாட்டுக்கு நாளைக்கு ஐந்தரை கிலோ, ரெண்டு வேளையா பிரிச்சு. டப்பாவுல கோடு போட்டுக் கொடுத்துடுங்க. வீட்டுல மிஞ்சின சோத்தைத் தொட்டியில கொட்ட வேண்டாம்னு கண்டிப்பா சொல்லணும். திடீர்னு நிறைய சோறு தின்னா வயித்துல புளிப்பு ஏறி, மாடு அசைபோடுறதை நிறுத்தி, படுத்துக்கும். அப்படி ஆனா காத்திருக்காம கால்நடை ஆம்புலன்ஸுக்கு, 1962க்கு, கூப்பிடணும். தண்ணித் தொட்டி எப்பவும் நிரம்பி இருக்கணும். கன்னுக்கு அதோட எடையில பத்துல ஒரு பங்கு பால், ரெண்டு வேளையா: 30 கிலோ கன்னுன்னா நாளைக்கு 3 லிட்டர். பாவம்னு கூட ஊட்ட விட்டா கழிய ஆரம்பிக்கும், மேல சொன்ன தொல்லை அங்கிருந்தும் வீட்டுக்குள்ள வரலாம்ங்க.